வீடு மாத்துறவங்களுக்கு ரசீது வேணும், அதுவும் லாரி கிளம்புறதுக்கு முன்னாடியே வேணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல், மே வந்துட்டா நம்ம திருநெல்வேலி பக்கம் வீடு மாத்துறவங்க கூட்டம் கூடிரும். கூடங்குளம், மகேந்திரகிரில வேலை பாக்கிறவங்க, பேங்க்காரங்க, போலீஸ்காரங்க, டிரான்ஸ்பர் ஆன வாத்தியார்மாருன்னு ஒரு பக்கம், சென்னை பெங்களூர் ஓசூர்னு காலம் பூரா வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆகி பெருமாள்புரம், மகாராஜநகர், கேடிசி நகர்னு வீட்டக் கட்டிட்டு திரும்பி வாறவங்க ஒரு பக்கம். எல்லாரும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்னு போர்டு போட்ட ஏதோ ஒரு கம்பெனிய நம்பி வீட்டுல உள்ள மொத்த சாமானையும் ஒரு ஈச்சர் வண்டில ஏத்தி அனுப்புதாங்க. வண்டி தெருமுனை திரும்பினப்புறம் அவங்க கையில என்ன இருக்குன்னு பாத்தா வாட்ஸ்அப்ல வந்த ஒரு கொட்டேஷன், அட்வான்ஸ் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், டிரைவர் போன் நம்பர், அவ்வளவுதான். ரசீதுன்னு ஒண்ணு கிடையாது. இத பத்தித்தான் எழுதுதேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் முழுசா போடுங்க ஐயா.

நான் ஜங்ஷன் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். எல்.ஆர்., அதாவது லாரி ரசீது எழுதுறதுதான் என் பொழப்பு. கார்பன் பேப்பர் வச்சி மூணு காப்பி, ஒண்ணு சரக்கு அனுப்புறவருக்கு, ஒண்ணு வண்டியோட போகும், ஒண்ணு ஆபீஸ் புக்குல நிக்கும். பெய்டா டு பேயா, அதாவது வாடகை முன்னாடியே கட்டியாச்சா இல்ல போய்ச் சேந்தப்புறம் கட்டணுமா, எத்தன உருப்படி, எடை என்ன, சரக்கு என்ன, மதிப்பு என்ன, அனுப்புறவரு யாரு, வாங்குறவரு யாரு, வண்டி நம்பர் என்ன, எல்லாம் அதுல இருக்கணும். முக்கூடல் பீடி பண்டலா இருந்தாலும் சரி, பத்தமடை பாய்க்கட்டா இருந்தாலும் சரி, எல்.ஆர். போடாம ஒரு உருப்படி வண்டில ஏறாது, ஏத்தவும் வியாபாரி விடமாட்டாரு. ஏன்னா நாளைக்கு ஒரு பண்டல் குறைஞ்சா அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும்னு அவருக்குத் தெரியும். ஆனா காலம் பூரா சம்பாதிச்ச சாமான ஏத்துற ஒரு குடும்பத்துக்கு மட்டும் அந்தச் சீட்டு கிடைக்க மாட்டேங்குது, கேட்டா "அதெல்லாம் ஆன்லைன்ல வரும் மேடம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருதாங்க.

எங்க அக்கா மவ குடும்பம் ஓசூர்ல இருந்து பெருமாள்புரத்துக்கு வந்தாங்க. நெட்ல பாத்து ஒரு கம்பெனிய பிடிச்சிருக்காங்க, கம்பெனி பேர நான் சொல்லல. போன்ல பேசுனவரு நல்லாத்தான் பேசிருக்காரு, ஒரு லிங்க் அனுப்பி அதுல எஸ்டிமேட் இருக்குன்னு சொல்லி பேர டைப் பண்ணி ஓகே குடுக்க சொல்லிருக்காரு, இவளும் வாசிச்சி பாத்து குடுத்திருக்கா. மறுநாள் ஆளுக வந்தாங்க, அட்டைப்பெட்டி, பபிள் ஷீட்னு சுத்துனாங்க, ஏத்துனாங்க, கிளம்பிட்டாங்க. நடுவுல மதுரையில எங்கயோ ஒரு குடோன்ல சாமான இறக்கி வேற லாரிக்கு மாத்திருக்காங்க, அத ஒரு வார்த்தை சொல்லல. பெருமாள்புரத்துல வந்து நின்னது ஓசூர்ல ஏத்துன வண்டி இல்ல, டிரைவரும் வேற ஆளு. டோல் கூடிருச்சு, வண்டி மாத்துன கூலி இருக்கு, மாடிக்கு ஏத்துற கூலி இருக்குன்னு சொல்லி பேசுன ரேட்டுக்கு மேல கேட்டிருக்காங்க, குடுத்தாத்தான் கதவத் திறப்போம்னு நின்னுட்டாங்க. கைப்புள்ளய வச்சிக்கிட்டு நடுத்தெருவுல நிக்கிறவ என்ன செய்வா, குடுத்துட்டா. இறக்கிப் பாத்தா பிரிட்ஜ் கதவு நசுங்கிருக்கு, தேக்குக் கட்டிலோட ஒரு சட்டம் பிளந்திருக்கு, எங்க அக்கா சீர் குடுத்த வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் வச்சிருந்த பெட்டியே காணோம். டிரைவர்கிட்ட கேட்டா "அக்கா எங்கிட்ட சொல்லி பிரயோஜனம் இல்ல, நான் மதுரையில இருந்து எடுத்துட்டு வந்தவன், ஆபீஸ்ல பேசுங்க"ங்காரு. அவர் சொன்னதும் நியாயம்தான். ஆபீஸ்ல கேட்டா "வெண்கலப் பாத்திரம்னு எங்க எழுதிருக்கு, காட்டுங்க"ன்னு கேக்காங்க.

எங்க எழுதிருக்குன்னு பாக்கத்தான் அவ அந்த லிங்க்க மறுபடி திறந்திருக்கா. அதுல சாமான்னு ஒரே ஒரு வரிதான், ஹவுஸ்ஹோல்ட் கூட்ஸ், ஒரு லோடு. அது மொதல்லயே அப்படித்தான் இருந்துச்சாம். ஆனா கீழ இருந்த கண்டிஷன் எல்லாம் மாறிருக்கு. அவ ஓகே குடுத்தப்ப இல்லாத டோல் வரியும் மாடிக்கூலி வரியும் இப்ப அதுல இருக்கு, அவ டைப் பண்ணுன பேரு மட்டும் அப்படியே கீழ நிக்கி. எனக்கு இதக் கேட்டப்ப வயிறு எரிஞ்சிட்டு. கார்பன் காப்பில ஒரு எழுத்த மாத்தணும்னா மூணு காப்பிலயும் மாத்தணும், அதுல ஒண்ணு பார்ட்டி கையில இருக்கும், அதனால மாத்த முடியாது. இங்க ஒரே காப்பி, அதுவும் கம்பெனி கையில, எப்ப வேணா திறந்து என்ன வேணா எழுதிக்கலாம்.

இதனால நான் எலக்ட்ரானிக் ரசீதே கூடாதுன்னு சொல்ல வரல, யாரும் அப்படி எடுத்துக்கக் கூடாது. பேப்பர் நனையும், கார்பன் எழுத்து மங்கும், வீடு மாத்துற அமளியில எங்க வச்சோம்னு தெரியாது. போன்ல ஒழுங்கான ரசீது இருந்தா அதவிட நல்லது எதுவும் இல்ல. சட்டமும் இத ஏத்துக்கிடுது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல நாலாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, எழுத்துல இருக்கணும்னு எந்தச் சட்டம் கேட்டாலும் அது எலக்ட்ரானிக்கா இருந்து பின்னாடி எடுத்துப் பாக்க முடிஞ்சா போதும். பின்னாடி எடுத்துப் பாக்க முடியணும், அதத்தான் கவனிக்கணும், மாத்தி வச்ச லிங்க் அதுல சேராது. 2018ல இருந்து ஆர்.சி. புக்கு, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கர்ல காட்டினா போலீஸ்காரங்க ஏத்துக்கணும்னு மோட்டார் வாகன விதியவே திருத்திட்டாங்க. வியாபாரச் சரக்குக்கு ஈ-வே பில் வந்து எத்தன வருசம் ஆச்சு, மாநிலம் விட்டு மாநிலம் போறதுக்கு 2018 ஏப்ரல் 1, தமிழ்நாட்டுக்குள்ள 2018 ஜூன் 2. இங்க ஒரு லட்சத்துக்கு மேல சரக்கு அனுப்புனா பன்னிரண்டு இலக்கத்துல ஒரு நம்பர் விழும், யாரு அனுப்புனா, யாருக்கு, எந்த வண்டி, எல்லாம் கவர்மெண்ட் கம்ப்யூட்டர்ல நிக்கும், நடுவுல வண்டி மாறுனா அந்த நம்பரையும் போட்டாகணும்.

ஆனா அந்த ஈ-வே பில் விதியிலயே ஒரு விலக்கு இருக்கு, புழங்குன வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்ல. விலக்கு குடுத்தது நல்லதுதான், புழங்குன பாத்திரத்துக்கும் பாய்க்கும் எதுக்கு பில், அத எடுக்கச் சொல்லல. ஆனா அதனால என்ன ஆகிப்போச்சுன்னா, கடைக்காரரோட சோப்புப் பெட்டி எந்த வண்டில போச்சுன்னு கவர்மெண்டுக்குத் தெரியும், ஒரு குடும்பத்தோட மொத்தச் சாமான் எந்த வண்டில போச்சுன்னு அந்த லாரிக்காரரத் தவிர யாருக்கும் தெரியாது. இதுல இன்னொரு கொடுமை, சில பேரு தேவையே இல்லாத அந்த ஈ-வே பில்லுக்கும் சார்ஜ்னு ஒரு தொகை போட்டு வாங்குதாங்க. என்ட்ரி டாக்ஸ்னு கூட ஒரு கொட்டேஷன்ல பாத்தேன், 2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. வந்தப்பவே போன வரி அது. யாராவது கேட்டா குடுக்காதீங்க. புதுசா வாங்கி பிரிக்காம இருக்க பிரிட்ஜ், டிவின்னா அது புழங்குன சாமான்ல வராது, அதுக்கு மட்டும் கடை பில்ல கையில வச்சிக்கிடுங்க.

இப்ப சட்டத்துக்கு வாறேன். 1865ல வெள்ளக்காரன் போட்ட கேரியர்ஸ் சட்டத்த எடுத்துட்டு 2007ல சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 2011 மார்ச் 1ல இருந்து அமல்ல இருக்கு. வாடகைக்கு சரக்கு எடுத்துட்டுப் போற எல்லாரும் அதுல வருவாங்க, சொந்த லாரி வச்சிருக்கவரு மட்டும் இல்ல, புக்கிங் கம்பெனி, காண்ட்ராக்டர், ஏஜெண்ட், புரோக்கர் எல்லாம். அதனால "நாங்க பேக்கிங்தான் பண்ணுதோம், லாரி வேற ஆளோடது"ன்னு ஒருத்தர் தப்பிக்க முடியாது. இவங்க பதிவு பண்ணித்தான் தொழில் செய்யணும், அந்தப் பதிவக் குடுக்க வேண்டியது மாநில, வட்டாரப் போக்குவரத்து ஆணையம், ஒரு தடவ பதிவு பண்ணுனா பத்து வருசம் செல்லும். சாமான் குடுக்கிறவங்க ஒரு கூட்ஸ் பார்வர்டிங் நோட் எழுதிக் குடுக்கணும், அதுல சாமானும் மதிப்பும் இருக்கணும். வாங்குன உடனே கம்பெனி கூட்ஸ் ரசீது குடுக்கணும், மூணு பிரதி, ஒரிஜினல் அனுப்புறவங்களுக்கு. கவனிங்க, சாமான ஏத்துக்கிட்ட உடனே. டெலிவரி முடிஞ்சி இல்ல, மிச்சப் பணம் கட்டுனப்புறம் இல்ல. அந்த ரசீதுல என்ன உருப்படி, எத்தன பெட்டின்னு எழுதிருக்கோ அதுதான் முதல் ஆதாரம்னு சட்டமே சொல்லுது. அப்ப ஹவுஸ்ஹோல்ட் கூட்ஸ் ஒரு லோடுன்னு எழுதுனா வெண்கலப் பானைக்கு ஆதாரம் எங்க இருந்து வரும்? எழுதாம விடுததுல கம்பெனிக்கு லாபம் இருக்கு, அதனாலதான் எழுத மாட்டேங்காங்க.

இதுல ஜனங்களுக்குத் தெரியாத இன்னொரு விசயம் நஷ்ட ஈடு. சாமான் உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ கம்பெனி குடுக்க வேண்டியது சாதாரணமா வாடகையோட பத்து மடங்கு வரைக்கும்தான், அதுவும் பார்வர்டிங் நோட்டுல எழுதுன மதிப்புக்கு மேல போகாது. கூட வேணும்னா எழுத்துல சொல்லி கூடுதல் ரிஸ்க் ரேட் கட்டணும். கணக்குப் போட்டுப் பாருங்க, வாடகை 15,000ன்னா உச்சவரம்பு 1,50,000. ஆனா மதிப்புன்னு இருக்க கட்டத்துல கம்பெனிக்காரங்களே 20,000ன்னு போட்டுட்டா 20,000 ரூபாய்க்கு மேல கேக்க முடியாது. பில்லுல வாடகைய குறைச்சி எழுதி மிச்சத்த பேக்கிங் சார்ஜ், லேபர் சார்ஜ்னு பிரிச்சிட்டா அந்தப் பத்து மடங்கும் சேந்து குறையும். இந்தக் கட்டமெல்லாம் யாரு நிரப்புதான்னு நீங்க பாத்திருக்கீங்களா? போன்ல ஒரு பாரம் வரும், எல்லாம் இங்கிலீஷ்ல, எல்லாம் முன்னாடியே நிரப்பிருக்கும், கீழ ஐ அக்ரீன்னு ஒரு பட்டன். எங்க அம்மா வயசுல உள்ளவங்க அதுல என்னத்த வாசிப்பாங்க, வீட்டுக்காரர் இல்லாம தனியா இருந்து வீடு மாத்துற பொம்பளைங்க எத்தன பேரு இருக்காங்க.

இன்சூரன்ஸ்னு சொல்லி சாமான் மதிப்புல இத்தன பர்சண்ட்னு வாங்குறதும் நடக்கு. இன்சூரன்ஸ் குடுக்க அனுமதி வாங்குன கம்பெனி பேரும் பாலிசி நம்பரும் உங்க கைக்கு வரலன்னா அது இன்சூரன்ஸ் கிடையாது, வெறும் துட்டு. பாலிசிய கண்ணால பாக்காம அதுக்குன்னு ஒரு ரூபா குடுக்காதீங்க.

எங்க தங்கச்சி மவன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான், போன வருசம் வீடு மாத்துனான். அவன்கிட்ட இதப் பேசிக்கிட்டு இருந்தப்ப அவனுக்குக் குடுத்த பேப்பர எல்லாம் போன்ல அனுப்பிவிட்டான், ஒரு எல்.ஆர். கிளார்க்கா இருந்தவன் கண்ணோட உக்காந்து பூராவும் வாசிச்சேன். அங்க ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு வீடு மாத்துனா மத்திய அரசோட மோட்டார் கேரியர் பாதுகாப்பு ஆணையம் பாத்துக்கிடும், ஒரே மாநிலத்துக்குள்ளன்னா அந்தந்த மாநிலத்து விதி. டெக்சாஸ்ல மோட்டார் வாகனத் துறைகிட்ட பதிவு பண்ணணும், கலிபோர்னியாவுல வீட்டுச் சாமான்னு பேரு வச்ச ஒரு துறையே இருக்கு. மாநிலம் தாண்டி போறதுக்கு எஸ்டிமேட் எழுத்துல குடுத்தாகணும், சாமான் பட்டியல் போடணும், பில் ஆஃப் லேடிங்னு நம்ம எல்.ஆர். மாதிரி ஒண்ணு குடுக்கணும். உங்க உரிமை என்னன்னு ஒரு புக்லெட்டும் கம்பெனியே குடுக்கணும். எல்லாத்துக்கும் மேல எனக்குப் பிடிச்ச விதி என்னன்னா, உத்தேச எஸ்டிமேட்னு ஒண்ணு குடுத்திருந்தா டெலிவரி சமயத்துல அதுல 110 சதவீதத்துக்கு மேல கேக்கக் கூடாது, அதக் கட்டிட்டா சாமான இறக்கியே ஆகணும், மிச்சம் ஏதும் பாக்கி இருந்தா முப்பது நாள் கழிச்சி பில் அனுப்பிக்கிடணும். சாமான பிடிச்சி வச்சிக்கிட்டு பேரம் பேசுற வேலைக்கு அங்க இடம் இல்ல.

2018லதான் அங்க கம்பெனி குடுக்க வேண்டிய பேப்பரயும் கையெழுத்தையும் எலக்ட்ரானிக்கா வச்சிக்கிடலாம்னு விதியில தெளிவா எழுதுனாங்க, கட்டாயம்னு சொல்லல, ஆனா பேப்பர்ல இருக்க வேண்டியது எல்லாம் எலக்ட்ரானிக்லயும் இருக்கணும். அங்கயும் எல்லாம் ஒழுங்குன்னு நான் சொல்லல. குறைஞ்ச பட்ச நஷ்ட ஈடுன்னு பாத்தா ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட்தான், 40 பவுண்டு டிவி உடைஞ்சா 24 டாலர், அது அநியாயம்தான். முழு மதிப்பு வேணாம்னு நாம எழுதிக் குடுத்தாத்தான் அந்த 60 சென்ட் கணக்கு, அதனால எதுல கையெழுத்துப் போடுதோம்னு பாத்துப் போடணும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு, அத எழுதி மக்கள் கையில குடுக்காங்க, நம்பரப் போட்டா கம்பெனி பதிவு பண்ணுனதான்னு நெட்லயே தெரியுது. அந்த அளவாவது நமக்கு வேணாமா?

இங்க மாநில அரசு என்ன செய்ய முடியும், 2007 சட்டம் மத்திய அரசோடது, விதி போடுற அதிகாரம் டெல்லியிலதான இருக்குன்னு சில பேரு கேப்பாங்க. சரிதான். ஆனா 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 93வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, லாரில போற சரக்க சேகரிச்சி அனுப்பி பிரிச்சிக் குடுக்கிற ஏஜெண்ட் தொழில லைசென்ஸ் இல்லாம யாரும் செய்யக் கூடாது, அந்த லைசென்ஸுக்கு கண்டிஷன் போடுறது மாநில அரசு. டெபாசிட் வாங்கலாம், வழியில போற சரக்குக்கு இன்சூரன்ஸ் போடணும்னு சொல்லலாம், எப்ப லைசென்ஸ பிடுங்கலாம்னு எழுதலாம், வேற என்ன கண்டிஷன் வேணுமோ அதயும் சேக்கலாம்னு அந்தப் பிரிவே சொல்லுது. இத வச்சே வீட்டுச் சாமான் எடுக்கிறவங்களுக்குன்னு தனியா கண்டிஷன் கொண்டு வரலாம். அதிகாரம் கோட்டையில இருக்கு, எடுத்துப் பயன்படுத்துனா போதும்.

அப்படி ஒண்ணு வந்தா அதுல என்ன இருக்கணும்னு எனக்குத் தோணுறதச் சொல்லுதேன். எலக்ட்ரானிக் ரசீது தமிழ்ல இருக்கணும், சாமான் ஒவ்வொண்ணும் பேரோட, பெட்டிக்கு நம்பரோட, உள்ள என்ன இருக்குன்னு எழுதி, முடிஞ்சா போட்டோவோட. கட்டில்ல ஏற்கெனவே கீறல் இருந்தா அதையும் அப்பவே குறிச்சிறணும், அது கம்பெனிக்கும் நல்லது, இல்லாத சேதத்துக்கு அவங்க தலையில பழி விழாது. வீட்டுக்காரங்க வாசிச்சிட்டு ஓடிபி குடுத்தப்புறம் அத யாரும் தொடக் கூடாது, திருத்தணும்னா புதுசா இன்னொண்ணு போட்டு மறுபடி ஓடிபி வாங்கணும், பழசு அப்படியே நிக்கணும். ஓகே குடுத்த அந்த நிமிசமே முழு ரசீதும் வீட்டுக்காரங்க போனுக்கு வந்திரணும், லிங்க்கா இல்ல, பைலா. ஸ்மார்ட் போன் இல்லாதவங்க கேட்டா பேப்பர்ல குடுக்கணும், அதுல விட்டுக்குடுக்கவே கூடாது, நம்ம பக்கத்துல வயசானவங்க தனியா இருக்க வீடு நெறய. பதிவு நம்பர் ரசீதுலயும் வண்டி பக்கவாட்டுலயும் பெருசா இருக்கணும், போன்ல போட்டா உண்மையா பொய்யான்னு உடனே தெரியணும். வண்டி மாத்துனா மாத்துன இடத்துல இருந்தே புது வண்டி நம்பரும் டிரைவர் பேரும் மெசேஜ்ல வரணும், எத்தன உருப்படி மாறுச்சுன்னு எண்ணிச் சொல்லணும். எங்க வீட்டுப் பெட்டி தொலைஞ்சது அந்த மதுரை குடோன்லயா இல்ல வேற எங்கயுமான்னு இன்னைக்கு வரைக்கும் யாராலயும் சொல்ல முடியல, ஒரு எண்ணிக்கை இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்புறம் அந்த 110 சதவீதம் மாதிரி ஒரு உச்சவரம்பு. அது எத்தன சதவீதம்னு அரசு முடிவு பண்ணட்டும், ஆனா ஒண்ணு வேணும். அதக் கட்டுனப்புறமும் சாமான இறக்க மாட்டோம்னு நிக்கிற கம்பெனி மேல நடவடிக்கை எடுக்க எந்த ஆபீசர்னு எழுதி வைக்கணும், இப்ப போலீஸ்கிட்ட போனா இது சிவில் கேஸுன்னு அனுப்பிருதாங்க. பதிவு இல்லாம தொழில் பண்ணுனா மொதல் தடவைக்கு 5,000 வரைக்கும், அடுத்ததுக்கு 10,000 வரைக்கும்தான் அபராதம்னு 2007 சட்டத்துல இருக்கு, ஒரு லோடுல எடுத்திருவாங்க அத. லைசென்ஸ் போயிரும்ங்கிற பயம் இருந்தாத்தான் அடங்கும்.

லோடுமேன் அண்ணாச்சிமார பத்தி ஒரு வார்த்தை. இதுல எல்லா ஏச்சும் வாங்குறது அவங்கதான். பீரோவ முதுகுல கட்டி மூணு மாடி ஏத்துறவருக்கு பில்லுல இருக்க லேபர் சார்ஜ்ல எவ்வளவு போகுதுன்னு கேட்டுப் பாருங்க. உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்குன்னு தமிழ்நாட்டுல 1982லயே சட்டம் இருக்கு, நல வாரியம் இருக்கு. கூலி எவ்வளவுன்னு ரசீதுல தனியா தெளிவா இருந்தா வீட்டுவாசல்ல நின்னு அவங்களும் நம்மளும் சண்ட போடவேண்டிய அவசியமே வராது. ஒழுங்கா தொழில் பண்ணுற கம்பெனிகளும் இருக்காங்க, எங்க ஆபீஸுக்கே வந்து லோடு போட்டு எல்.ஆர். வாங்கிட்டுப் போனவங்க இருக்காங்க. பதிவும் இல்லாம ரசீதும் இல்லாம பாதி ரேட்டுக்கு கொட்டேஷன் போடுறவன்கிட்ட தொழில இழக்கிறது அவங்கதான், அதனால இந்த விதிய அவங்களும் கேக்கணும்.

அது வாறது வரைக்கும் வீடு மாத்துறவங்க சும்மா இருக்க வேணாம். சாமான் லிஸ்ட்ட நீங்களே தமிழ்ல எழுதி, பெட்டிக்கு நம்பர் போட்டு, மதிப்பயும் நீங்களே போட்டு, சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்குங்க, போட மாட்டேன்னா சாமான ஏத்த விடாதீங்க. லிங்க் வந்தா உடனே பி.டி.எஃப்.பா இறக்கி உங்க மெயிலுக்கே ஒண்ணு அனுப்பி வச்சிக்கிடுங்க. ஸ்கிரீன்ஷாட்ட மட்டும் நம்பி கோர்ட்டுக்குப் போனா எதிர்த்தரப்பு வக்கீல் அதுக்கு சர்டிபிகேட் எங்கம்பாரு, 2024 ஜூலை 1ல வந்த புது சாட்சியச் சட்டத்துலயும் 63வது பிரிவுல அந்த சர்டிபிகேட் இருக்கு, அதனால மெசேஜ அழிக்காம, அது வந்த போனையும் பத்திரமா வச்சிருக்கணும். சேதம்னா வாய்ல பேசிட்டு விட்டுறாதீங்க, சாமான் புக் பண்ணுன நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், இல்லாட்டி கேஸே போட முடியாது. பேசிப் பேசி நாள் கடத்துறது அதுக்குத்தான். கம்பெனி கவனக்குறைவுன்னு நாம நிரூபிக்கணும்னு இல்ல, சட்டம் அந்தச் சுமைய நம்ம மேல வைக்கல. நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதுன்னா கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்க ஊர்லயே போடலாம், திருநெல்வேலிலயே மாவட்ட ஆணையம் இருக்கு, குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா பீஸ் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், ஈ-ஜாக்ரிதின்னு ஆன்லைன்லயும் போடலாம். மொதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் பண்ணுங்க. எங்க அக்கா மவ நோட்டீஸ் அனுப்பிட்டா, பதிலுக்காகக் காத்திருக்கோம்.

பக்கத்துல தூத்துக்குடி துறைமுகம் இருக்கு, கப்பல் சரக்கு ரசீதுக்கு இருந்த 1856ம் வருசத்துச் சட்டத்தயே 2025ல எடுத்துட்டு புதுசு கொண்டு வந்துட்டாங்க. கண்டெயினர் சரக்குக்கு சட்டத்த புதுப்பிக்க முடியுதுன்னா பாளையங்கோட்டையில இருந்து சென்னைக்குப் போற கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஒரு விதி எழுதுறது பெரிய காரியம் இல்ல. போக்குவரத்துத் துறை அமைச்சரும் ஆணையரும் இத கவனிக்கணும். நம்ம வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மொதல் வேலையா திருநெல்வேலி, தென்காசி பக்கம் பதிவு பண்ணுன சரக்குக் கம்பெனிகளோட பட்டியல ஆபீஸ் வாசல்லயும் உங்க மாதிரி பத்திரிகையிலயும் மே மாசத்துக்கு முன்னாடி போடணும், அதுக்கு புதுச் சட்டம் எதுவும் தேவையில்ல. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல வாற திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல இதே கோரிக்கைய எங்க தெருக்காரங்க சேந்து மனுவா குடுக்கோம். இதே மாதிரி பாதிக்கப்பட்டவங்க கொட்டேஷன், பில், போட்டோ எது இருந்தாலும் எடுத்துட்டு காலையில பத்து மணிக்கு அங்க வாங்க, மனுவோட சேத்துக் குடுத்திருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க்,
பாளையங்கோட்டை